முக்கால் சமையல் இன்று, கால் சமையல் அன்று: உருளைக்கிழங்குப் பண்டங்களை ஃப்ரீசரில் வைக்கும் முறை

உருளைக்கிழங்கை ஃப்ரீசரில் வைத்தால் வீணாகிவிடும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பச்சைக் கிழங்கை நறுக்கி அப்படியே உள்ளே தள்ளினால் அவர்கள் சொல்வது சரிதான். வெளியே எடுக்கும்போது கறுத்து, தண்ணீர் விட்டு, தொட்டால் நசுங்கும். ஆனால் சமைத்த கிழங்கின் கதை வேறு. எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு தட்டு முழுக்க உருளைக்கிழங்குதான் இருக்கும். பொரிக்கத் தயாராக கட்லெட், பாதி பொரித்த ஃபிங்கர் சிப்ஸ், அத்தைக்காகச் சின்ன உருண்டைகளாக மசியல், தட்டையாகப் படுத்திருக்கும் சூப் கவர்கள். நானும் கணவரும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். பெரியவன் விளையாடிவிட்டுப் பசியோடு வருவான், சின்னவளுக்கு டியூஷனுக்கு முன் ஏதாவது வேண்டும், அத்தைக்குப் பல்லுக்கு இதமாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கிழங்கு பதில் சொல்கிறது என்றால் அதை ஏன் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தோல் உரிக்க வேண்டும்?

நான் கடைப்பிடிப்பது ஒரே விதி. முக்கால் பங்கு சமையலை இன்றைக்கே முடித்துவிட வேண்டும். வேகவைப்பது, மசிப்பது, பிடிப்பது, பாதி பொரிப்பது எல்லாம் இன்று. மொறுமொறுப்பு, பால், பச்சைத் தழை, கடைசி உப்பு இவையெல்லாம் மீதிக் கால் பங்கு. அதைச் சாப்பிடும் நாளுக்கு விட்டுவிட வேண்டும். முழுதாகச் சமைத்து உறைய வைத்ததைச் சூடாக்கினால் மிச்சச் சோற்றைச் சாப்பிடும் உணர்வு வரும். முக்காலில் நிறுத்தியதை முடித்தால் அன்றைக்குச் செய்ததாகவே இருக்கும்.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் சுலபம். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது உறையும்போது பனித்துகள்கள் உருவாகிக் கிழங்கின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். உருகும்போது அந்த நீர் வெளியே ஒழுகும். மெதுவாக உறைந்தால் துகள்கள் பெரிதாகும், சேதமும் பெரிது. வேகமாக உறைந்தால் துகள்கள் சின்னவை, சேதமும் குறைவு. கனடாவின் லாப்ரடார் பகுதியில் கடுங்குளிரில் பிடித்த உடனே உறைந்துபோன மீன், உருக்கிச் சமைத்தபோது புது மீன் போலவே ருசித்ததைக் கவனித்துத்தான் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் 1920களில் விரைவாக உறைய வைக்கும் தொழிலைத் தொடங்கினார். வீட்டு ஃப்ரீசரில் அந்த வேகம் கிடைக்காது. ஆனால் அதே திசையில் போகலாம்: ஆறவிட்டு வைப்பது, மெல்லிதாகப் பரப்பி வைப்பது, ஒரே நேரத்தில் திணிக்காமல் இருப்பது.

இன்னொரு விஷயம், பச்சைக் கிழங்கை நறுக்கியதும் கறுப்பதற்குக் காரணம் அதிலுள்ள நொதி. குளிர் அதை மந்தமாக்கும், அழிக்காது. கொதிநீரில் வெந்தால்தான் அடங்கும். அதனால்தான் ஃப்ரீசருக்குப் போகும் எந்தக் கிழங்கும் ஒருமுறை சூடு பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பது

வெந்ததும் மாவாக உதிரும் கிழங்கு கட்லெட்டுக்கும் மசியலுக்கும் சிப்ஸுக்கும் நல்லது. வெந்தாலும் குழையாமல் வழவழவென்று நிற்கும் கிழங்கு சூப்புக்கும் குழம்புக்கும். எது எந்த வகை என்று பார்த்த உடனே தெரியாது. ஒன்றை வேகவைத்துக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

பச்சை படர்ந்த கிழங்கில் சொலனைன் வகை நச்சு அதிகம் இருக்கலாம். வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. லேசாக ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை என்றால் தாராளமாக ஆழமாகச் சீவி எறியுங்கள். முழுக்கப் பச்சை, அல்லது கசக்கிறது என்றால் அந்தக் கிழங்கே வேண்டாம். மலிவாகக் கிடைத்ததே என்று இதில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

வாங்கிவந்த கிழங்கைச் சமைக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் கிழங்கிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். பொரித்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுக்கும். அதோடு, அதிகச் சூட்டில் பொரியும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற பொருளும் இப்படிப்பட்ட கிழங்கில் கூடும். இருட்டான, காற்றோட்டமான மூலை போதும்.

கட்லெட்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

ஒன்றே ஒன்றைத்தான் செய்து வைக்க முடியும் என்றால் கட்லெட்டைச் செய்து வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து இதைப்போல் நல்லபடியாகத் திரும்பிவரும் உருளைக்கிழங்குப் பண்டம் வேறில்லை என்பது என் கட்சி.

கிழங்கைத் தோலோடு, முழுசாக வேகவையுங்கள். நறுக்கி வேகவைத்தால் சீக்கிரம் வேகும், ஆனால் தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர்தான் நாளைக்கு ஃப்ரீசரில் பனியாகி, மறுநாள் எண்ணெயில் கட்லெட்டை உடைக்கப்போகிறது. கத்தி நுழைந்ததும் வடித்துவிடுங்கள், வெடிக்கும்வரை விட வேண்டாம். சூட்டோடு தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். புகை போலக் கிளம்பும் ஆவியைப் பாருங்கள். அத்தனையும் கிழங்கை விட்டுப் போகும் நீர். ஆவி அடங்கி, கிழங்கின் மேல் வெளிறிய வறண்ட பூச்சு தெரியும்போது மசியுங்கள். கட்டி இல்லாமல் மசிக்க வேண்டும், ஆனால் மிக்ஸியில் போடவே கூடாது. மிக்ஸியின் பிளேடு நுண்ணறைகளை எல்லாம் உடைத்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும், கிழங்கு பசையாகிவிடும்.

மசித்ததைப் பிடிக்க அவசரப்படாதீர்கள். நன்றாக ஆறட்டும். மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும். ஆறிய கிழங்கு கையில் ஒட்டாமல் உருளும், பிரெட் தூளும் குறைவாகப் போதும்.

வெங்காயம், காரட், பட்டாணி என்று எதைச் சேர்த்தாலும் தனியே வதக்கி, ஈரம் வற்றி, ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். வாணலியில் சலசலப்பு அடங்கி, காய் எண்ணெயில் லேசாக மினுங்கும் கட்டம்தான் பக்குவம். மசாலா விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பூண்டு, மிளகு, கிராம்பு மூன்றும் ஃப்ரீசரில் இருக்க இருக்கத் தூக்கலாகும், சில சமயம் கசப்பும் தட்டும். வழக்கமாகப் போடுவதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தழை எதுவானாலும் கறுத்துத் துவண்டுவிடும், அதை உள்ளே சேர்க்காமல் சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம்.

60 கிராம் அளவில் உருட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டுங்கள். எடை முக்கியமில்லை, தடிமன் முக்கியம். தடித்தால் வெளியே சிவந்தும் நடுவில் பனி உட்கார்ந்திருக்கும். மைதாவைத் தண்ணீரில் கரைத்தோ, முட்டையை அடித்தோ தோய்த்து, பிரெட் தூளில் புரட்டி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்ட வையுங்கள். ஓரங்களில் தூள் பிடித்திருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது நல்லது. அங்கேதான் விரிசல் விடும்.

இப்போது இரண்டு வழி. பச்சையாகவே உறைய வைப்பது ஒன்று. லேசாகப் பொரித்து, வெளிர் பொன்னிறம் வரும் முன்பே எடுத்து, ஆறவிட்டு உறைய வைப்பது இன்னொன்று. ருசிக்கு முதல் வழி, வசதிக்கு இரண்டாவது. வீட்டில் பிள்ளைகள் தாங்களே எடுத்துச் சூடாக்கிக்கொள்வார்கள் என்றால் பாதி பொரித்து வையுங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கம் அவர்கள் போக வேண்டியதில்லை, ஓவனோ ஏர் ஃபிரையரோ முடித்துக்கொடுக்கும். எங்கள் வீட்டில் இதனால் பாதிப் பாதி வைக்கிறோம். முட்டை தோய்த்ததைப் பச்சையாக உறைய வைத்திருந்தால் உள்ளேவரை நன்றாக வேகவேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். அதன்பிறகு ஜிப் கவருக்கு மாற்றலாம், ஒட்டாது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே கவரில் போட்டால் எல்லாம் ஒரே பாறையாகிவிடும், இரண்டு கட்லெட்டுக்காக இருபதையும் உருக்க வேண்டிவரும்.

பொரிக்கும் நாளில் உருக வைக்கவே வேண்டாம். உருகினால் பிரெட் தூள் நமுத்துப்போகும். மேலே படிந்த பனியை மட்டும் தட்டிவிட்டு நேராக எண்ணெயில் போடுங்கள். பனித்துகள் சூடான எண்ணெயில் பட்டால் பயங்கரமாகத் தெறிக்கும், அதனால் கரண்டியில் வைத்து ஓரமாக இறக்குங்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்து கட்லெட் எண்ணெய் குடிக்கும். தீ மிதமாக இருக்கட்டும். எடுத்ததும் ஒன்றின் நடுவில் கத்தியைச் செருகி, சில வினாடி வைத்து, கத்தி முனையைத் தொட்டுப் பாருங்கள். சுரீரென்று சுட வேண்டும். வெதுவெதுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

ஃபிங்கர் சிப்ஸ்

ஃப்ரீசர் செய்யும் சேதம் சிப்ஸுக்கு மட்டும் நன்மையாக முடிகிறது. உடைந்த அறைகளிலிருந்து நீர் எண்ணெயில் வேகமாக வெளியேறும், உள்ளே மிருதுவாகவும் வெளியே மொறுமொறுவென்றும் வரும்.

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கிக் குளிர்ந்த நீரில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். வெள்ளையாகக் கலங்குவது மாவுச்சத்து, அது இருந்தால் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் கருகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு அதில் வேகவையுங்கள். புளிப்பு இருந்தால் கிழங்கு உருக்குலையாது. ஒரு துண்டை எடுத்து வளைத்தால் வளைய வேண்டும், உடையக் கூடாது. அதுதான் நிறுத்தும் இடம்.

வடித்து, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிடுங்கள். இந்தக் காயவிடுதலைச் சுருக்காதீர்கள். பிறகு 160 டிகிரி செல்சியஸ் எண்ணெயில், நிறம் மாறும் முன் எடுத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். குமிழ் நிதானமாக வந்தால் சரி, சீறிப் பொங்கினால் சூடு அதிகம். ஆறவிட்டு, தட்டில் ஒற்றை அடுக்காக உறைய வைத்து, கவரில் போடுங்கள். சாப்பிடும் நாளில் 180 முதல் 190 டிகிரியில், உறைந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிக்கலாம். உப்பு எண்ணெயிலிருந்து எடுத்த பிறகுதான்.

சதுரமாக நறுக்கிய ரோஸ்ட்டுக்கும் இதே வழிதான். அரைவேக்காடு, குலுக்கி ஓரங்களைச் சொரசொரப்பாக்குவது, எண்ணெய் பூசி ஆறவிடுவது, உறைய வைப்பது. அன்றைக்கு 200 டிகிரி ஓவனில் உறைந்தபடியே வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டிவிடலாம்.

மசியல்

மசித்த கிழங்கை உறைய வைக்க வெண்ணெய்தான் காப்பு. கொழுப்பு மாவுச்சத்தைச் சுற்றிக்கொண்டு நீரைப் பிரியவிடாமல் தடுக்கும். ஒரு கிலோ கிழங்குக்கு 100 கிராம் வெண்ணெய், அதோடு கொஞ்சம் கெட்டி கிரீம். தண்ணீராக இருக்கும் பாலை மட்டும் ஊற்றி மசித்தால் உருகும்போது தனியாகவும் திரிந்தும் நிற்கும். மருத்துவர் வெண்ணெயைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு உறைய வைத்த மசியல் அத்தனை ஏற்றதில்லை, அவர்களுக்கு அன்றன்றைக்கு மசித்துக் கொடுப்பதே மேல்.

கரண்டியால் அள்ளி உருண்டை உருண்டையாகத் தட்டில் வைத்து உறைய வையுங்கள். அத்தைக்கு ஒரு வேளைக்கு இரண்டு உருண்டை போதும், அதனால் எங்கள் வீட்டில் உருண்டை சிறியது. உங்கள் வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுவார்களோ அந்த அளவுக்குப் பிடியுங்கள்.

சூடாக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகி மணல்போல் நறநறக்கும். இந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில்தான், அதாவது 0 முதல் 5 டிகிரிக்குள் அதிவேகமாக நடக்கும். ஃப்ரீசரின் கடுங்குளிரில் அது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் மசியலை இரவெல்லாம் ஃபிரிட்ஜில் உருகவிடுவதைவிட, உறைந்தபடியே அடிகனமான பாத்திரத்தில் போட்டு, ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றி, மூடிச் சிறு தீயில் வைப்பது நல்லது. பாதி வழியில் தண்ணீரும் கிழங்குமாகப் பிரிந்து நிற்கும். பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடேறியதும் கரண்டியால் கிளறினால் ஒன்றுசேர்ந்துவிடும், நறநறப்பும் பெரும்பாலும் போய்விடும். உப்பைச் சரிபார்ப்பது அப்போதுதான்.

சூப், குழம்பு

அரைத்த சூப் அருமையாக உறையும். கிரீமும் பாலும் சேர்க்காமல் வையுங்கள், சூடாக்கிய பிறகு ஊற்றிக்கொள்ளலாம். துண்டு துண்டாக நிற்கும் குழம்பில் கிழங்கு கொஞ்சம் பஞ்சாகும், அது தவிர்க்க முடியாதது. துண்டைச் சின்னதாக நறுக்கி முக்கால் வேக்காட்டில் நிறுத்தினால் ஓரளவு தாங்கும். இல்லையென்றால் கிழங்கு இல்லாமல் குழம்பை மட்டும் உறைய வைத்து, சூடாக்கும் நாளில் தனியே வெந்த கிழங்கைச் சேர்த்துவிடலாம். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

மயோனைஸ் கலந்த சாலட், வேகவைத்த முட்டை சேர்த்த எதுவும் ஃப்ரீசருக்கு வேண்டாம். மயோனைஸ் எண்ணெயும் நீருமாகப் பிரியும், முட்டை வெள்ளை ரப்பராகும்.

ஆறவைப்பதில் அலட்சியம் வேண்டாம்

ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். உள்ளே போகும்போது எப்படிப் போனதோ அப்படியே வெளியே வரும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. அறையின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. அதேசமயம் கொதிக்கக் கொதிக்க ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் இளகும். அகலத் தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் கையில் எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். சூப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் நிறுத்திக் கிளறிவிடலாம்.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கு என்றால் தாளைக் கழற்றிவிட்டுத்தான் ஆறவைக்க வேண்டும். தாளுக்குள் ஈரமும் சூடும் அடைபட்டு, காற்றும் இல்லாத நிலையில், போட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும். சூடு குறையட்டும் என்று தாளோடு மேசையில் விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் உணவு கெடாது, ருசிதான் மெல்லக் குறையும். கட்லெட், சிப்ஸ், சூப் எல்லாம் மூன்று மாதம்வரை நன்றாக இருக்கும், மசியலை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

எவ்வளவு ஒரே நாளில் வைக்கலாம்? ஃப்ரீசரின் கொள்ளளவில் ஒவ்வொரு 28 லிட்டருக்கும் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ சொச்சம். அதற்கு மேல் புதுச் சரக்கை ஏற்றினால் உறைய நேரமாகும், பனித்துகள் பெரிதாகும். 60 லிட்டர் ஃப்ரீசர் உள்ள வீட்டில் ஒருநாள் வேலை என்பது இரண்டு, இரண்டரை கிலோ கிழங்கோடு முடிந்துவிட வேண்டும்.

கட்டுவது, எழுதுவது

காற்றுதான் இங்கே எதிரி. கவருக்குள் காற்று இருந்தால் கிழங்கின் ஈரம் பனியாக வெளியேறி, மேல்பகுதி வெளிறி வறண்டு அட்டையாகும். ஜிப் கவரை ஓரத்தில் கொஞ்சம் மட்டும் திறந்து வைத்து, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மெல்ல அமிழ்த்துங்கள். வாய் மட்டும் வெளியே இருக்கட்டும். தண்ணீரின் அழுத்தமே காற்றை வெளியே தள்ளிவிடும். அப்படியே ஜிப்பை மூடிவிடலாம். உறிஞ்சும் இயந்திரம் எதுவும் தேவையில்லை.

சூப்பை டப்பாவில் ஊற்றினால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கண்ணாடி பாட்டிலை விளிம்புவரை நிரப்பினால் உடையும். நான் சூப்பைக் கவரில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைக்கிறேன். சீக்கிரம் உறையும், உறைந்த பின் புத்தகங்களைப் போல நிறுத்தி அடுக்கலாம், வேண்டியபோது உடைத்தும் எடுக்கலாம்.

கவரில் எழுதாமல் உள்ளே வைக்காதீர்கள். உறைந்த பிறகு கட்லெட்டுக்கும் வெஜிடபிள் வடைக்கும் வித்தியாசம் தெரியாது. என்ன பண்டம், என்ன தேதி, எத்தனை, அப்புறம் மீதி என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். "பாதி பொரித்தது, ஓவன் 200, உருக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தால் நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் மற்றவர்கள் சரியாகச் செய்வார்கள். கவர் காய்ந்திருக்கும்போதே எழுத வேண்டும், பனி பட்ட பிறகு மை நிற்காது. கதவில் ஒரு தாள் ஒட்டி, எடுக்க எடுக்க அடித்துக்கொண்டு வந்தால் எதுவும் அடியில் மறந்து கிடக்காது.

ஒரு நாள் வேலையை எப்படி ஓட்டுவது

ஒவ்வொரு பண்டத்தையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் நாள் முழுக்க ஓடும். வேலைகளைப் பின்னிக்கொள்ள வேண்டும். முதலில் கட்லெட்டுக்கும் மசியலுக்கும் உள்ள கிழங்கைத் தோலோடு அடுப்பில் ஏற்றிவிடுங்கள். அது வேகும் நேரத்தில் சிப்ஸுக்கு நறுக்கி நீரில் போடலாம். கிழங்கை வடித்ததும் அதே அடுப்பில் சிப்ஸ் வேகும் தண்ணீர். சிப்ஸ் துணியில் காயும் நேரத்தில் தோல் உரித்து ஆவி போக்கலாம். மசித்த மொத்தத்திலிருந்து மசியலுக்கான பங்கைச் சூட்டோடு எடுத்து வெண்ணெய் சேர்த்துவிடுங்கள், மீதி கட்லெட்டுக்காக ஆறட்டும். ஆறும் நேரத்தில் சிப்ஸின் முதல் பொரிப்பு. கடைசியில் உட்கார்ந்து கட்லெட் பிடிக்கலாம். இது கூடிச் செய்ய வேண்டிய வேலை. கணவர் தட்டுவார், நான் தோய்ப்பேன், பிரெட் தூள் பிள்ளைகள் பொறுப்பு. வாணலி கழுவுவதும் எண்ணெய் வடிகட்டுவதும் ஒரே தடவையோடு முடிந்துவிடும், நேரம் மிச்சமாகும் இடமே அதுதான்.

பணம் மிச்சமாவது நாலைந்து இடங்களில். மூட்டையாக வாங்கும்போது கிலோ விலை இறங்கும், முளைவிட்டு எறியும் கிழங்கு இருக்காது. ஒரே அடுப்பில் ஒரே தடவையாக மொத்தமும் வேகும்போது எரிபொருள் குறையும். எல்லாவற்றையும்விட, களைத்து வரும் நாளில் வெளியே வாங்கிவிடலாமா என்ற பேச்சு வராது. ஆனால் இதற்காகவே தனியாக ஃப்ரீசர் வாங்க வேண்டாம். அதன் விலையும் மாதாமாத மின்கட்டணமும் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். இருக்கும் ஃப்ரீசரில் சும்மா கிடக்கும் இடத்தை நிரப்புங்கள். நிரம்பிய ஃப்ரீசர் குளிரையும் நன்றாகப் பிடித்துவைக்கும்.

மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நிரம்பிய ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். மின்சாரம் வந்த பிறகு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே பனித்துகள் இன்னும் இருந்தாலோ, ஃபிரிட்ஜில் இருப்பதுபோல் சில்லென்று இருந்தாலோ மறுபடி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுக்க உருகி அறைச் சூட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், மோந்து பார்த்தோ ருசித்துப் பார்த்தோ முடிவு செய்யக் கூடாது. எதைச் சூடாக்கினாலும் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை சூடாக்குங்கள். சூப் என்றால் ஒரு கொதி வரட்டும். ஒருமுறை சூடாக்கியதில் மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே சாப்பிட்டுவிடுங்கள், திரும்ப ஃப்ரீசருக்கு அனுப்ப வேண்டாம்.